கடன் கொடுத்தவரே தீர்ப்பாளரா?

கொள்ளுப்பிட்டியிலே காலி வீதியோரம் அரச ஈட்டு முதலீட்டு வங்கியின் தலைமையகம் இருக்கின்றது. அதன் முன்னோடியான இலங்கை அரச ஈட்டு வங்கி, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே 1931ஆம் ஆண்டில் தோன்றியது. பத்தாண்டுகள் கழித்து, 1941இல், கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. கடனிறுக்க இயலாத கமக்காரனையும் கடன் கொடுத்தவனையும் ஒரே மேசையில் இருத்தி, இருவர் கூற்றையும் மூன்றாமவர் கேட்கவேண்டும் என்பது அதன் கருத்து. அந்நியர் ஆட்சியின் கீழ், அரைகுறை அதிகாரத்தோடு இயங்கிய அரசாங்க சபைக்கே இவ்வளவு தோன்றிற்று. சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் செய்தது என்ன?

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அந்த மூன்றாமவரை அது அகற்றிற்று. ஈடு வைத்த ஆதனத்தை விற்பதற்கு அதுவரை தனியார் வங்கி நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது. அதன் பின்னரோ வங்கியின் பணிப்பாளர் சபை கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றினாற் போதும்; வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளியிட்டு, ஆதனத்தைப் பகிரங்க ஏலத்தில் விற்றுவிடலாம். கேட்போர் இல்லையெனில் வங்கியே வாங்கிக்கொள்ளலாம். கணக்கெழுதுபவரும் அவரே, குற்றஞ்சாட்டுபவரும் அவரே, தீர்ப்புக் கூறுபவரும் அவரே. நீதிமன்றத்தின் பாதுகாப்பு வேண்டுமெனில் கடனாளிதான் தடையுத்தரவு கேட்டு ஓடவேண்டும், செலவும் அவனுடையதே. இதைத்தான் 'பராட்டே' சட்டம் என்று இன்று நாடு முழுவதும் பேசுகின்றனர். பழைய உரோமன் டச்சுச் சட்டத்தின் வழி வந்த அச்சொல்லுக்கு 'ஆயத்தமான' என்று பொருள். எவருக்கு ஆயத்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கிய கடனைக் கொடுக்கத்தானே வேண்டும் என்று கேட்பவர் உளர். கொடுக்கத்தான் வேண்டும். வங்கியிலுள்ள பணம் பணிப்பாளர்களின் பணமன்று. ஓய்வூதியக்காரரும் விதவைகளும் வைத்த வைப்புப் பணமும் அதிலுண்டு. வேண்டுமென்றே ஏய்ப்பவனுக்காக நாம் வாதாட வரவில்லை. ஆனால் 2022 ஏப்ரில் 8ஆந் திகதியன்று மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை ஒரே நாளில் 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாக உயர்த்தியது. மாறும் வட்டிக்கு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கிய ஆசிரியர் அதற்கு என்ன செய்திருக்க முடியும்? அவருடைய சம்பளமும் ஒரே நாளில் இருமடங்காயிற்றா? 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது அரசாங்கம். விளைச்சல் வீழ்ந்தது. நெல்லை நம்பி அரிசி ஆலைக்குக் கடன்பட்டுக் காணி உறுதியை ஈடு வைத்த கிளிநொச்சி, வவுனியாக் கமக்காரன் செய்த தவறு யாது? தடை போட்டவர் எவரும் தம் வீட்டை ஏலத்தில் இழந்ததாக நாம் அறியோம்.

கூக்குரல் எழுந்தது. 2024இல் பாராளுமன்றம் ஏல அதிகாரத்தை அவ்வாண்டு டிசம்பர் 15 வரை இடைநிறுத்திற்று. ஆட்சி மாறியது, தவணை 2025 மார்ச் 31 வரை நீண்டது. கடனின் அளவுக்கேற்ப வங்கியோடு பேசிக்கொள்ள அவகாசமும் அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்றோர் மூச்சு விட்டனர் என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் மக்களின் முறைப்பாட்டுக்கு மக்கள் பிரதிநிதிகள் கொடுத்த விடை ஒரு நாட்காட்டிதான். தவணை ஓடிய மாதங்களிலும் வட்டி நின்றுவிடவில்லை. தவணை முடிந்ததும் பணிப்பாளர் சபையின் அதிகாரம் முன்போலவே விழித்துக்கொண்டது.

முதற் கடன் ஐம்பது இலட்சம் ரூபாவுக்குக் குறைந்தால் இவ்வதிகாரம் செல்லாது என்று ஒரு பாதுகாப்புப் பிற்காலத் திருத்தத்தால் வந்தது. 2024இல் இடைநிறுத்தம் வந்த வேளையிலும் எண் அதுவேதான். அப்போது ஐம்பது இலட்சத்துக்குக் கொழும்பில் ஒரு வீடு வாங்கலாமா என்பது ஐயமே!

அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டுமென்பது சட்டம். நல்லது. ஆனால் கையெழுத்திட்ட ஈட்டு உறுதி எம்மொழியில் இருந்தது? வட்டி மாறலாம் என்ற வாசகத்தை அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவர் யார்? ஏலம் மட்டும் தாய்மொழியில் வருவது விசித்திரமான மொழியுரிமை.

ஆகவே இன்னொரு தவணையை எம்மவர் கேட்கவேண்டாம். ஏலத் தீர்மானம் நடைமுறைக்கு வருமுன் நீதிபதியொருவரோ, 1941இன் சபையை ஒத்த ஒரு சபையோ, இரு தரப்பையும் கேட்டு, கணக்கைச் சரிபார்த்து, இறுக்கும் வழியை வகுக்கவேண்டும் என்ற திருத்தத்தைக் கேட்கட்டும். ஈட்டு உறுதியின் வட்டி வாசகம் கடனாளியின் மொழியில் இல்லையேல் அவ்வீட்டின் மீது ஏல அதிகாரம் செல்லாது என்பதையும் அதிற் சேர்க்கட்டும். அரசாங்கம் கொண்டுவராவிடின் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவர வழியுண்டு. வடக்குக் கிழக்கிலிருந்து சென்றோரும், வெள்ளவத்தை கொட்டாஞ்சேனை வாக்குகளாற் சென்றோரும் இதில் ஒரே பக்கம் கையெழுத்திடத் தடையென்ன என்று அவர்களிடமே கேட்கிறோம்.