கேரட் விதைமேல் பழி போடாதீர்கள்

மாணவர்களே, விதை முளைக்க என்னென்ன தேவை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவீர்கள்: நீர், காற்று, ஏற்ற வெப்பநிலை. படிவம் 1இல் ஈரப் பஞ்சில் பச்சைப்பயற்றைப் போட்டு, இரண்டு நாளில் அது வால் விட்டதைப் பார்த்து, அறிக்கை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பரிசோதனையில் பிழையில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்துபோவோம் என்பது என் கருத்து. பச்சைப்பயறு எங்கே போட்டாலும் முளைக்கும். முளைக்க மறுக்கும் ஒரு விதையைக் கையில் எடுத்தால்தான் அறிவியல் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி செரண்டாவில் தன் வீட்டுக்குப் பின்னால் கேரட் விதைத்தாள். மூன்று வாரமாகியும் ஒரு முளைகூட இல்லை. "விதை கெட்டுப்போனது" என்று முடிவு எழுதிக் கொடுத்தாள். நானும் சரி என்று குறி போட்டுவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த விதைகளை ஈரத் தாளில் பரப்பி, டப்பாவில் மூடி, ஆய்வுக்கூட மேசையில் வைத்தோம். ஏழாம் நாள் பார்த்தால் பெரும்பாலானவை வெள்ளை வேர் விட்டிருந்தன! விதை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. சரிபார்க்காமல் சரி போட்டது என் தவறு.

அவளுடைய பாட்டி வேறு காரணம் வைத்திருந்தார். "கேரட்டெல்லாம் கேமரன் மலைச் சமாச்சாரம் டீச்சர். இந்த ஈயக் குட்டை மண்ணுல எங்க வரப்போகுது?" இதைத்தான் நம்மில் பலரும் சொல்கிறோம். இதில் பாதி உண்மை. கிழங்கு நன்றாகப் பருத்து நிறம் ஏறக் குளிர்ச்சி வேண்டும். 15 முதல் 21 பாகை செல்சியஸ்வரை அதற்கு மிக ஏற்றது. ஆனால் முளைப்பதற்கு? கேரட் விதை 25 முதல் 30 பாகையில்தான் மிக விரைவாக முளைக்கிறது, ஏறக்குறைய ஆறே நாளில். ஆகவே முளைப்பதை மட்டும் பார்த்தால் தானா ராத்தாவைவிடச் செரண்டாவே மேல். மலைக்குளிரில் அதே விதை இன்னும் சில நாள் சோம்பிக் கிடக்கும்.

அப்படியானால் தடுத்தது எது? முதலில் விதையைப் பாருங்கள். ஒரு கிராமில் சுமார் 800 விதைகள் இருக்கும். மலாயில் லோபாக் மேரா, லோபாக் பூத்தே என்று கேரட்டையும் முள்ளங்கியையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். உண்மையில் இரண்டும் உறவே இல்லை. முள்ளங்கி கடுகுக் குடும்பம். கேரட் மல்லி, சீரகம், சோம்புக் குடும்பம். அடுப்படியிலிருந்து ஒரு முழு மல்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். இரண்டாகப் பிளக்கும். நாம் மல்லி 'விதை' என்பது உண்மையில் ஒரு கனி. பிளந்த ஒவ்வொரு பாதிக்குள்ளும்தான் ஒரு விதை. கேரட்டும் அப்படியே. உள்ளே இருக்கும் கரு மிகச் சிறியது, முழுதாக வளராதது. நீர் குடித்து உள்ளேயே கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் வேரை வெளியே நீட்டும். அந்த ஒரு வாரமும் ஈரம் இடைவிடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் நன்றாகக் காய்ந்தாலும் ஆபத்து.

விதை சிறியது, உணவு கொஞ்சம், ஆதலால் ஒரு சென்டிமீட்டருக்குமேல் ஆழத்தில் போடக்கூடாது. இங்கேதான் சிக்கல். ஆழத்தில் ஈரம் இருக்கிறது, விதைக்கு அங்கிருந்து மேலே வரச் சக்தியில்லை. மேலே போட்டாலோ வெயில்.

அடுத்து நம் மண். ஈயத்தை நீரால் அலசி எடுத்த காலத்தில் பருமணல் அருகிலேயே தங்கியது. நுண்ணிய களி நீரோடு ஓடித் தாழ்விடங்களில் படிந்தது. அதனால் ஒரே கம்பத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் மணல், இன்னொரு வீட்டுக்குப் பின்னால் களி. பழைய ரப்பர்த் தோட்டத்து மேடுகளில் செம்மண். உங்களிடம் இருப்பது எது என்று அறிய, ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மண்ணும் மீதி நீருமாக நிரப்பிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் அமரும். களி மறுநாளும் நீரைக் கலங்கலாக வைத்திருக்கும்.

மணலில் விதை காய்ந்து சாகிறது. நண்பகலில் வெறும் மணலில் கை வைத்துப் பாருங்கள், சுடும். 35 பாகையைத் தாண்டினாலே கேரட் முளைப்பது குறையத் தொடங்கும்.

களிமண்ணில் நடப்பது வேறு. நம் மாலை மழையின் பெரிய துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் மண்ணில் மோதுகிறது. மண்கட்டி சிதறுகிறது, நுண்துகள்கள் துளைகளை அடைக்கின்றன. மறுநாள் வெயிலில் அது அப்பளம்போல் ஓடாகிறது. பச்சைப்பயறு தன் வளைந்த தண்டால் அந்த ஓட்டை முட்டித் தூக்கிவிடும். நூல்போன்ற கேரட் முளையால் முடியாது. ஓட்டுக்கு அடியிலேயே சுருண்டு மடியும். என் மாணவியின் விதைகளுக்கு நடந்தது இதுதான். ஓட்டைப் பெயர்த்தபோது அடியில் சில வெளிறிய இழைகள் கிடந்தன.

இப்போது பள்ளித் தோட்டங்களில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மண் சரியில்லையா, கடையில் பையில் மண் வாங்கிக் கொட்டு. போட்டியில் பரிசு வாங்க வேண்டுமானால் செய்யுங்கள், குறை சொல்லமாட்டேன். அறிவியல் படிக்க வேண்டுமானால் வேண்டாம். பை மண்ணில் கேரட் முளைத்தால் பை மண் நல்லது என்று மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பதில், ஒரே பொட்டலத்திலிருந்து வரிசைக்கு 50 விதை எண்ணி நான்கு வரிசை போடுங்கள். முதல் வரிசையை அதே மண்ணால் மூடுங்கள். இரண்டாவதை நெல் உமிக்கரியால் மூடுங்கள். பூச்செடி விற்கும் இடங்களில் கிடைக்கும், நீர் பட்டால் ஓடாக இறுகாது. மூன்றாவதையும் அதே மண்ணால் மூடி, மேலே ஈரச் சாக்கு விரியுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்க்க வேண்டும். முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். மறந்தால் முளைகள் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். நான்காவதில் இடையிடையே முள்ளங்கி விதை. அது மூன்று நான்கு நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து, பின்னால் வரும் கேரட்டுக்கு வழி விடும். ஐம்பது விதையை ஈரத் தாளிலும் வையுங்கள். அது இல்லாமல் விதையைப் பற்றி வாய் திறக்க நமக்கு உரிமையில்லை. எறும்புகளையும் கவனியுங்கள், விதைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

நம் மண்ணின் புளிப்பைச் சிலர் கேட்பார்கள். முளைப்பதற்கு அது பெரிய தடையில்லை. பிறகு வேர் வளரும்போதுதான் தொல்லை. அதற்குச் சுண்ணாம்புக்கல் தூள் போதும். ரவாங் பக்கம் புக்கிட் தக்குன் குன்றே சுண்ணாம்புக்கல்தான்!

என் மாணவி மறுபடியும் விதைத்தாள். மூன்றாம் நாளே பெருமழை. மண்ணால் மூடிய வரிசையில் இரண்டே முளை. சாக்கு வரிசையும் முள்ளங்கி வரிசையும் பரவாயில்லை. உமிக்கரி வரிசையில் எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் கணக்குத் தவறி, முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. நான்கு மாதம் கழித்துத் தோண்டியபோது கிழங்குகள் விரல் நீளம்தான், நிறமும் வெளிர். பாட்டி அவற்றைக் கழுவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாம்பாரில் நறுக்கிப் போட்டார்.