அச்சத்தின் அரசியல்

“திகிற்படங்களும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களும் வெறும் பொழுதுபோக்கு; அவற்றில் அரசியலைத் தேடுவது வீண்வேலை” என வாதிடுவோர் நம்மிடையே உளர். இஷிரோ ஹொண்டாவின் ‘கொட்சிலா’ என்னும் யப்பானியத் திரைப்படத்தை அண்மையில் பார்த்த நாம் இவ்வாதத்தை முற்றாக மறுக்கின்றோம்.

1954 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்கா பிகினித் தீவில் ஐதரசன் குண்டொன்றை வெடித்துப் பரிசோதித்தது. அதன் நச்சுச் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகொன்றிலிருந்த 23 தொழிலாளர்மீதும் படிந்தது. செப்டெம்பரில் அவர்களுள் ஒருவர் மாண்டார். நவம்பரில் இப்படம் வெளிவந்தது. கடலிலே கப்பலொன்று தீப்பற்றி அழிவதோடு கதை தொடங்குகிறது. குண்டுப் பரிசோதனையால் விழித்தெழுந்த பூதம் தோக்கியோ நகரைச் சாம்பலாக்குகிறது.

1956இல் அமெரிக்க விநியோகஸ்தர் இதனை வெட்டியும் ஒட்டியும் தம் நாட்டில் திரையிட்டனர். நாகசாகியில் உயிர்தப்பியதையும் நஞ்சேறிய சூரை மீனையும் பற்றிப் புகையிரதப் பயணிகள் உரையாடும் காட்சி அகற்றப்பட்டது. பரிசோதனைகள் தொடருமாயின் இன்னொரு பூதம் எழக்கூடும் என்ற விஞ்ஞானியின் இறுதி எச்சரிக்கையும் மறைந்தது. அதற்குப் பதிலாக, புதிதாகப் புகுத்தப்பட்ட அமெரிக்கப் பத்திரிகையாளன் ஒருவன் உலகம் மீண்டும் வாழலாம் என ஆறுதல் கூறுகிறான். பூதம் எஞ்சியது, குற்றச்சாட்டுப் போயிற்று!

அரசியலே இல்லாத படமாயின் கத்தரிக்கோலுக்கு அங்கு என்ன வேலை?

திகிற்படம் பார்ப்பதை நாம் பழிக்கவில்லை. மக்களின் மெய்யான அச்சத்துக்கு உருக்கொடுக்கும் படமும் உண்டு. அவ்வச்சத்தை விற்றுக் காசாக்கும் படமும் உண்டு. எனவே மாணவ நண்பர்களே, திரையிலே பூதம் தோன்றும்போது நடுங்குங்கள். அதனை எழுப்பியவர் யார் என்பதையும் கேளுங்கள்.