சாட்சியை விசாரியாத தீர்ப்பு

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையே கிடக்கும் ராதாகிருஷ்ணன் நகர் தொகுதியில் 2017-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி இடைத் தேர்தல் நடந்தது. அவ்வருஷம் ஏப்ரலிலேயே நடந்திருக்க வேண்டிய தேர்தல் அது. ஓட்டர்களுக்குப் பணம் விநியோகிக்கப்பட்டது என்ற காரணத்தால் தேர்தல் கமிஷன் அதை ரத்து செய்துவிட்டது. டிசம்பரில் சுயேச்சையாக நின்ற திரு. டி. டி. வி. தினகரன் 40,000-க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங் கட்சி தோற்றது. பிரதான எதிர்க் கட்சியின் அபேட்சகர் ஜாமீன் தொகையையே இழந்தார். முடிவு வெளிவந்ததும் மேடைதோறும், பத்திரிகைதோறும் ஒரு தீர்ப்புக் கிளம்பிற்று: “விலை போன தொகுதி!”

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அத் தீர்ப்பைக் கேட்டபோது ஒரே கேள்விதான் எழுந்தது. சாட்சிகள் எங்கே?

பணம் புழங்கவில்லை என்று நாம் வாதாட வரவில்லை. கமிஷனே தேர்தலை நிறுத்திய பிறகு அதை யார் மறுக்க முடியும்? ஆனால் கொடுத்தவன் கருத்து ஒன்று; வாங்கியவன் கருத்து வேறொன்றாக இருக்கலாம். வாங்கியவர்களில் எத்தனை பேர் கொடுத்தவருக்கே வாக்களித்தனர்? வாங்காமலே அவருக்கு வாக்களித்தவர் எத்தனை பேர்? ஆட்சியின் மீது கொண்ட கோபம் எவ்வளவு, மாண்ட தலைவியின் மீது வைத்த விசுவாசம் எவ்வளவு, குழாயில் வராத குடிநீர் எவ்வளவு? தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் உள்ள தொழிலாளியை யாரும் முறையாகக் கேட்கவில்லை. கேளாமலே அவன் தலையில் பழியைச் சுமத்தினோம். இது நியாயமா?

வாக்குக் கணக்கே போதாதா என்று சிலர் கேட்கலாம். சாவடிவாரியான கணக்கை இன்று எவரும் பார்க்கலாம். எந்தக் குப்பம் எந்தச் சின்னத்துக்குச் சாய்ந்தது என்பது அதிலிருந்து தெரியும். ஆனால் சாவடிக் கணக்கு தெருவைச் சொல்லுமேயொழிய ஆளைச் சொல்லாது. ‘எவ்வளவு’ என்பதற்கு விடை கூறுமேயொழிய ‘ஏன்’ என்பதற்குக் கூறாது. மீனவர் மிகுந்த சாவடியில் ஒரு கட்சி ஜெயித்தால் மீனவர்கள்தாம் அதற்கு வாக்களித்தனர் என்று முடிவு கட்டுவது, கூட்டத்தில் பை களவு போனால் அருகில் நின்றவனைப் பிடித்து உள்ளே போடுவதை ஒக்கும்.

‘ஏன்’ என்னும் கேள்வியை ஒரு தேசம் எழுபது வருஷங்களுக்கு மேலாகப் பொறுமையோடு கேட்டு வருகிறது. அமெரிக்காவில் 1936-ம் வருஷம் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பதில்களைத் திரட்டி, லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. 48 மாகாணங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். 1948-ல் பெயர்பெற்ற கணிப்பாளரெல்லாம் டூயியே ஜனாதிபதி என்றனர், ட்ரூமன் ஜனாதிபதியானார். அதே 1948-ல் மிச்சிகன் சர்வகலாசாலையார் சுமார் 660 பேரைத் தேர்தலுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சந்தித்து விசாரித்தனர். ‘யார் ஜெயிப்பார்’ என்ற ஜோசியத்தை ஒதுக்கிவிட்டு, ‘மனிதர் எப்படித் தீர்மானிக்கிறார்’ என்ற ஆராய்ச்சியை அவர்கள் கைக்கொண்டனர். அந்தச் சிறு விதையிலிருந்து வளர்ந்ததுதான் அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு. ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும், கூடியமட்டில் அதே கேள்விகளை, அதே வாசகத்தில் கேட்பது அதன் முறை. விடைகள் யாவும் உலகத்து ஆராய்ச்சியாளர் எவரும் எடுத்துக் கையாளும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன.

ஒரே கேள்வியை வருஷக்கணக்காகக் கேட்பதில் என்ன விசேஷம்? துறைமுகத்தில் அலையளவு பார்ப்பவனைக் கேளுங்கள். ஒரு நாள் அளவால் ஒன்றும் விளங்காது. பல வருஷத்து அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் கடல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரியும். ஜன அபிப்பிராயமும் அப்படியே.

இந்த விசாரணையின் முதல் பெரும் பலனாக 1960-ல் வெளிவந்த ‘அமெரிக்க வாக்காளர்’ என்ற நூல், அந்நாட்டார் பலர் கட்சிப் பற்றைப் பெற்றோரிடமிருந்து சுதந்தரம் போலப் பெறுகின்றனர் என்றும், கொள்கைகளை எடைபோட்டு வாக்களிப்பவர் சிலரே என்றும் காட்டியது. படித்தோர் பலர் அது கேட்டுப் பாமரனை எள்ளினர். ஆனால் வி. ஓ. கீ என்ற அறிஞர் பழைய கணிப்புக்களை மீண்டும் புரட்டிப் பார்த்தார். அவர் இறந்த பின் 1966-ல் வெளிவந்த நூல், ஒரு தேர்தலில் ஒரு கட்சிக்கும் மறு தேர்தலில் வேறு கட்சிக்கும் வாக்களித்தவர்கள் தக்க காரணத்தோடுதான் மாறினர் என்று எடுத்துக் காட்டியது. ஓட்டனை மூடன் என்ற வாதத்துக்கு மறுப்பும் ஓட்டனின் வாக்குமூலத்திலிருந்தே வந்தது. வாக்குமூலம் பதிவாகியிராவிட்டால் மறுப்பு ஏது?

நம் தேசத்தில் இம்முயற்சி இல்லாமலில்லை. டில்லியில் 1963-ல் ரஜனி கோத்தாரி நிறுவிய வளரும் சமுதாயங்களின் ஆராய்ச்சிக் கழகம், 1967 பொதுத் தேர்தலில் தேசம் தழுவிய ஆய்வைத் தொடங்கியது. அது எப்பேர்ப்பட்ட வருஷம் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸ் ஆட்சி விழுந்த வருஷம் அது. 1971-லும் ஆய்வு நடந்தது. அவ்விரண்டையும் வைத்து மிச்சிகன் பேராசிரியர் எல்டர்ஸ்வெல்டும் நம்மவரான பஷீருதீன் அகமதும் சேர்ந்து 1978-ல் ஒரு நூலும் வெளியிட்டனர். பின்னர் நீண்ட இடைவெளி. 1996 முதல் பொதுத் தேர்தல்தோறும் தொடர்ச்சி.

அந்தத் தொடர்ச்சியால் ஒரு பேருண்மை வெளியாயிற்று. அமெரிக்காவில் செல்வனும் படித்தவனும் அதிகமாக வாக்களிக்கின்றனர். ஏழை வீட்டிலேயே இருந்துவிடுகிறான். மேல்நாட்டு நூலைப் படித்துவிட்டு இங்கும் அப்படியே என்று நினைத்தவர் உண்டு. 1996-க்குப் பிந்திய ஆய்வுகள் அதைத் தலைகீழாக்கின. இந்தியாவில் ஏழைகளும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் வாக்களிப்பதில் வசதி படைத்தோருக்குப் பின்னிடவில்லை. சில தேர்தல்களில் அவர்களை மிஞ்சியும் விட்டனர். ஜனநாயகத்தைத் தாங்கி நிற்கும் தோள் எவருடையது என்பதை அனுமானத்தால் அறியவில்லை, கேட்டு அறிந்தோம். அந்நிய நூலின் முடிவை இரவல் வாங்காமல், விசாரிக்கும் முறையை மட்டும் கற்றுக்கொண்டதன் பயன் இது.

விசாரிக்கும் முறையும் கவனிக்கத் தக்கது. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் பழமொழி. ஆனால் மேலாக இருக்கும் சோற்றை மட்டும் எடுத்தால் அடியில் அரிசியாயிருப்பது தெரியாது. ஆகவே தெருமுனையில் எதிர்ப்பட்டவரைக் கேட்பதில்லை. ஓட்டர் ஜாபிதாவிலிருந்து பாரபட்சமின்றிப் பெயர்களைப் பொறுக்கி, அவரவர் வீடு தேடிச் செல்கின்றனர். ‘யாருக்கு வாக்களித்தீர்’ என்று வாய்விட்டுக் கேட்பதற்குப் பதிலாக, மாதிரி வாக்குச் சீட்டைக் கொடுத்து, தாமே குறியிட்டுப் பெட்டியில் போடச் சொல்கின்றனர். வாக்கின் ரகசியத்தை விசாரணையிலும் காக்கும் இந்த மரியாதையை நாம் பாராட்டுகிறோம்.

எனினும் தேசம் பெரிது, ஆய்வு சிறிது. 2004 தேர்தலில் சுமார் 27,000 பேர் விசாரிக்கப்பட்டனர். 543 தொகுதிகளுக்குச் சமமாகப் பங்கிட்டாலும் தொகுதிக்கு ஐம்பது பேர்தான். அதைக் கொண்டு தேசத்தின் நாடியை அறியலாம். வடசென்னையின் நாடியை அறிய முடியாது.

வடசென்னைக்கோ சொல்வதற்கு விஷயம் நிரம்ப உண்டு. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்தன. அம் மாதக் கடைசியில் அமோனியா வாயு கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினர். நாலு மாதத்துக்குள், 2024 ஏப்ரல் 19-ந் தேதி, அதே ஜனங்கள் சாவடிக்குச் சென்றனர். அந்த எண்ணெயும் வாயுவும் அவர்கள் வாக்கில் எவ்வளவு கனத்தன? சாம்பல் படிந்த ஆற்றில் இறால் தேடுபவனும், ஒப்பந்தக் கூலியாய் ஆலைக்குள் போகிறவனும், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவளும் ஒரே காரணத்துக்காகவா வாக்களித்தனர்? பதில் தெரிந்ததாக நடிப்பவர் பலர், கேட்டறிந்தவர் இல்லை.

ஒன்றை மறக்கலாகாது. கட்சிகள் கூலி கொடுத்து ஆளமர்த்தி, வீடு வீடாக விசாரித்து வருகின்றன. அந்த அறிவு அவற்றின் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கிறது. ஓட்டனைப் பற்றி ஓட்டு வாங்குகிறவனுக்குத் தெரியும், ஓட்டனுக்குத் தெரியாது! வழக்கின் தஸ்தாவேஜு முழுவதும் ஒரு கட்சிக்காரன் கையில் மட்டும் இருந்தால் நீதி எங்ஙனம் நடக்கும்? ஜனங்களைப் பற்றிய அறிவு ஜனங்களின் பொதுச் சொத்தாக வேண்டும் என்பதே நம் கட்சி.

“ஜனங்கள் உண்மை சொல்வார்களா? பணம் வாங்கியதை யார் ஒப்புக்கொள்வார்?” என்று ஆட்சேபிக்கலாம். கோர்ட்டிலும் சாட்சிகள் பொய் சொல்கின்றனர். அதற்காகக் கோர்ட்டுகளை மூடிவிட்டோமா? பதிலைச் சொல்லிக் கொடுக்கும் கேள்வியைச் சாட்சிச் சட்டம் தடுப்பது போல, நல்ல ஆய்வும் தடுக்கிறது. “கணிப்புகள் பொய்த்துப் போகின்றனவே” என்றும் கேட்கலாம். 2024-ல் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று பல கணிப்புகள் முழங்கின, கிடைத்தது 293. வாஸ்தவம். அது ஜோசியத்தின் தோல்வி. நாம் வேண்டுவது ஆராய்ச்சி.

மற்றோர் ஆபத்தும் உண்டு. 2025 ஆகஸ்டில் மேற்சொன்ன டில்லிக் கழகத்தின் ஆய்வாளர் ஒருவர், மகாராஷ்டிர ஓட்டர் எண்ணிக்கை பற்றித் தவறான புள்ளியை வெளியிட்டார். பிழை தெரிந்ததும் அதை நீக்கி, பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆயினும் அவர்மீது போலீஸ் வழக்குகள் பதிவாயின. சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு நடவடிக்கையை நிறுத்திவைத்தது. பிழை கண்டிக்கத் தக்கதே, நாமும் கண்டிக்கிறோம். ஆனால் திருத்திக்கொண்ட பிழைக்கு விலங்கு என்றால், நாளை எந்தப் பண்டிதன் எண்களைத் தொடுவான்? கட்சிக்கும் சர்க்காருக்கும் அஞ்சாமல் நிற்கும் பொருள் வசதி இல்லாத ஆராய்ச்சி, ஆராய்ச்சியாகாது.

ஆகவே நாம் சொல்வது இது. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி இருக்கிறது. வியாசர்பாடியில் அம்பேத்கர் கலைக் கல்லூரி இருக்கிறது. அவற்றின் மாணவர்களில் பலர் இந்தக் குப்பங்களிலும் சந்துகளிலும் பிறந்தவர்கள். இந்த ஜனங்களின் பேச்சை அறிந்தவர்கள். 1857-ல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலை வழிகாட்டட்டும். எண்ணூர் முதல் ராயபுரம் வரை ஆயிரம் பேரை முறைப்படி தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் அதே கேள்விகளைக் கேட்கட்டும். பெயரை மறைத்து, விடைகளைத் தமிழில் வெளியிடட்டும். தொழிற்சங்கங்களும் மீனவர் சங்கங்களும் கதவைத் திறந்துவிடட்டும். ஒரு தேர்தலில் பலன் தெரியாது. நாலாவது தேர்தலில் நமக்கு ஒரு சரித்திரம் கிடைக்கும்.

1918-ல் இந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்துக்கு வித்திட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த வடசென்னையில்தான். அன்று தொழிலாளி தன் குறையைத் தானே சொல்லக் கற்றான். இன்று அவன் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சாவடியில் ஒரு சொல் சொல்கிறான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கற்பிக்கும் உரிமையை மேடைப் பேச்சாளர்களுக்கும் கூலிக் கணிப்பாளர்களுக்கும் தாரை வார்க்கலாமா? முதலில் சாட்சியைக் கூப்பிடுங்கள். தீர்ப்பு பிறகு ஆகட்டும்.