உயிர் காக்கும் கம்பிக்குத் தனிவழி வேண்டும்

ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மின்பிறப்பாக்கி வழங்கப்படும் நாளில் மாலைக்கும் மேளத்துக்கும் குறைவிராது. ஆனால், அவ்வியந்திரத்திலிருந்து சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் செல்லும் கம்பி எவ்வழியாகச் செல்கின்றது என்று கேட்பார் அக்கூட்டத்தில் எவருமிலர். அக்கேள்வியையே நாம் இன்று எழுப்ப விரும்புகின்றோம்.

மின்பிறப்பாக்கி வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. 2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டியில் ஏற்பட்ட கோளாறினால் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்கொன்று நாட்டின் மின்சாரத்தையே நிறுத்திவிட்டது! இத்தகைய நாட்டில் நோயாளியின் மூச்சைப் பொது மின்சாரத்தை மட்டும் நம்பி ஒப்படைப்பவன் அறிவிலி.

எனினும் இயந்திரம் இயங்குவது வேறு, அதன் மின்சாரம் கட்டிலருகே போய்ச் சேர்வது வேறு. குளிரூட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் செல்லும் சாதாரணக் கம்பிகளோடு, அவசரகாலக் கம்பியையும் ஒரே குழாயினுள் திணித்துவிட்டால் நடப்பதென்ன? சாதாரணக் கம்பியொன்று சுமை தாங்காது சூடேறித் தீப்பற்றுகின்றது. பக்கத்தே கிடக்கும் அவசரக் கம்பியின் உறையும் உருகி அழிகின்றது. வெளியே மின்பிறப்பாக்கி முழங்கிக்கொண்டிருக்கும். உள்ளே விளக்கு எரியாது. தீயே வேண்டுமென்பதுமில்லை. புதிய குளிரூட்டி பொருத்த வந்தவர் அக்குழாயைத் திறந்து, தவறான கம்பியை வெட்டினாலும் முடிவு அதுவே.

நீர்ப்பாய்ச்சுவோருக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. இரு வாய்க்கால்களுக்கு நடுவே ஒரே ஒரு மெல்லிய வரம்பு இருந்தால், ஒன்று உடைக்கும் நாளில் மற்றதும் போய்விடும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60364ஆம் இலக்க நியமம் இதற்கு விதி வகுத்துள்ளது. அதன் 710ஆம் பகுதி வைத்திய நிலையங்களுக்கென்றே எழுதப்பட்டது. சத்திரசிகிச்சை விளக்குக்கு அரை வினாடிக்குள் மாற்று மின்சாரம் கிடைக்கவேண்டும். வேறு பல முக்கிய சேவைகளுக்கு 15 வினாடி. பாதுகாப்புச் சுற்றுகள் ஏனைய சுற்றுகளிலிருந்து சுயாதீனமாக இருத்தல் வேண்டும் என்பது அந்நியமத்தின் அடிப்படை. ஒன்றில் நேரும் பழுதோ, ஒன்றில் செய்யும் திருத்தவேலையோ மற்றதைத் தீண்டலாகாது. அதற்காக வேறு பாதை, வேறு உறை, அல்லது தீயைத் தாங்கும் தடுப்பு.

சங்கிலியின் ஒரு வளையம் தவறினால் செல்வமும் உதவாது. 2012 ஒக்டோபர் 29 இரவு, சாண்டிப் புயலின்போது, நியூயோர்க்கின் லாங்கோன் வைத்தியசாலையில் மின்பிறப்பாக்கிகள் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்பிகளோ நிலத்தடியில்! வெள்ளம் புகுந்தது, முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளர்களை வெளியேற்றவேண்டி வந்தது. பச்சிளங் குழந்தைகளைத் தாதியர் கைகளில் ஏந்திப் படிக்கட்டு வழியே இறக்கினர்.

இனிப் பொறுப்பு யாருடையது? 13ஆம் திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்க வைத்தியசாலைகளும் நீங்கலான ஏனைய அரசாங்க ஆஸ்பத்திரிகள் மாகாணத்துக்குரியவை. வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக ஆளுநரும் அதிகாரிகளுமே ஆஸ்பத்திரிகளை நடத்தினர். சபையில் எழுந்து கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி இல்லாதபோது, கூரைக்குமேல் மறைந்து கிடக்கும் கம்பியைப் பற்றி யார் கேட்பார்?

ஆதலின் மக்களே கேட்கவேண்டும். மின்பிறப்பாக்கியின் வலுவையும் விலையையும் மட்டும் கூறும் கேள்விப்பத்திரத்தில், கம்பிகள் செல்லும் பாதையின் வரைபடமும் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்கப்படல் வேண்டும். நிபந்தனையில் இல்லாததை ஒப்பந்தக்காரர் செய்யவில்லையென நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. புலம்பெயர்ந்த அன்பர்கள் இயந்திரத்தோடு தனிக்கம்பிக்கும் பணம் ஒதுக்குவார்களாக. நம் பொறியியலாளர்களும், ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்களில் அமரும் கமக்காரப் பெரியோரும் அடுத்த கூட்டத்திலேயே வைத்திய அத்தியட்சகரிடம் அவ்வரைபடத்தைக் கேட்கட்டும். வரைபடமே இல்லையென்று விடை வருமாயின், அதனைக் கூட்ட அறிக்கையில் பதிவுசெய்யுமாறு வற்புறுத்தட்டும்.