வாய் அடைத்த வாய்க்கால்

வான் பொழிந்தால் வயல் சிரிக்கும், வியாசர்பாடியோ அழும்! சாலை குளமாகும், குடிசைக்குள் சாக்கடை குடிபுகும், உழைப்பாளியின் அன்றாடக் கூலி அந்த நீரோடு போகும். 2015 டிசம்பரில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் பார்த்தோம். இனியும் பார்த்துக்கொண்டே இருப்பதா?

மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

மோட்டார் வைத்து இறைக்கலாம் என்கிறார்கள். இறைக்கட்டும்! அவசர உதவி அது, மறுக்கவில்லை. ஆனால் கால்வாயே நிரம்பி நிற்கும்போது, இறைத்த நீர் எங்கே போகும்? நம் தெருவின் துன்பம் அடுத்த தெருவின் துன்பமாகும், அவ்வளவே!

சாலையை உயர்த்தலாம் என்கிறார்கள். உயர்த்தினால் சாலை தப்பும்; வீடு பள்ளமாகும்! மாடி வீட்டார் வாசற்படியை உயர்த்திக்கொள்வார். ஓட்டு வீட்டுத் தோழன் எதை உயர்த்துவான்? பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அதன்படி நடக்கிறதா என்று கண்காணிப்பது நம் கடமை.

புதிய வடிகால் கட்டலாம் என்கிறார்கள். கட்டட்டும்! ஆனால் அந்த நீர் கேப்டன் காட்டன் கால்வாயில் இறங்கி, பக்கிங்காம் கால்வாயை அடைந்து, எண்ணூரில் அல்லவா கடலைக் காணவேண்டும்? சென்னையோ சமதளம், சரிவு குறைவு. கடல் ஏறும் நேரத்தில் கால்வாய் நீர் நகர மறுக்கும். வழியெல்லாம் வண்டலும் குப்பையும், கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் அடைத்துக்கொண்டால் கேட்கவும் வேண்டுமா? வாய் அடைத்த வாய்க்காலுக்குக் கிளை எத்தனை வெட்டி என்ன பயன்?

ஆகவே நாம் சொல்கிறோம்: கடைமுனையில் தொடங்குங்கள்! முகத்துவாரம் முதலில், கால்வாய் அடுத்து, தெரு வடிகால் அதன்பின். ஐப்பசிக்கு முன்பே தூர் வாருங்கள். வாரிய சேற்றைக் கரையிலே குவிக்காதீர். முதல் மழையே அதை உள்ளே தள்ளிவிடும். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்த கழிவுநீர்க் குழாய்களைத் துண்டியுங்கள். வேலைக்கு யந்திரம் இறங்கட்டும். பாதுகாப்பின்றி மனிதனைச் சாக்கடையில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்!

கரையோரக் குடிசைகளே தடை என்று கைகாட்டுவோரும் உண்டு. அந்த ஏழையைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டால் தீருமா? அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிதானே! வடசென்னையில் நனைந்தவனைத் தென்சென்னையில் நனைய வைப்பதற்குப் பெயர் மறுவாழ்வா?

தெரு வடிகால் மாநகராட்சிக்கு, கழிவுநீர் குடிநீர் வாரியத்துக்கு, பக்கிங்காம் கால்வாய் நீர்வளத்துறைக்கு. இலாகா மூன்று, மழை ஒன்று! ஒருவர் அடுத்தவரைக் காட்டித் தப்பிக்க இடம் தரலாகாது.

தோழர்களே! புரட்டாசி பிறந்ததும் நம் தெருமுனையிலிருந்து கால்வாய்வரை நடந்து பாருங்கள். அடைப்பு எங்கெங்கே என்று குறித்து, ஒரே மனுவை மூன்று அலுவலகங்களிலும் கொடுங்கள். தூர் வாரியதாக எழுதப்பட்ட இடத்தில் கோலை விட்டு ஆழம் பாருங்கள். கணக்கு ஏட்டில் பொய் சொல்லலாம். கோல் பொய் சொல்லாது!