உங்கள் சொந்தப் பொறுப்பில் மூழ்கவும்

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்பியதும் மதுரையில் அடுத்த திருவிழா ஆரம்பித்துவிடும். நீச்சல் குளத் திருவிழா. அழகர்கோவில் ரோடு, நத்தம் ரோடு, திண்டுக்கல் ரோடு என்று எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு விளம்பர போர்டு. நீலத் தண்ணீர், ஓரத்தில் நாலு பனைமரம் (அதுவும் பிளாஸ்டிக்), ரெயின் டான்ஸ், டி.ஜே., மதியம் பிரியாணியோடு ஒருநாள் பேக்கேஜ். வெயில் நூறு டிகிரியைத் தாண்டுகிற ஊரில் ஜனங்கள் தண்ணீரைத் தேடிப் போவதை யாரும் குறை சொல்ல முடியாது.

உள்ளே போனால் இன்னொரு போர்டு இருக்கும். இது கொஞ்சம் சின்ன எழுத்தில். "குளத்தில் இறங்குவோர் தங்கள் சொந்தப் பொறுப்பில் இறங்கவும். அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

சண்டையே இந்த இரண்டாவது போர்டோடுதான்.

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மங்களூருக்குப் பக்கத்தில் உச்சிலாவில் ஒரு கடற்கரை ரிசார்ட். மைசூரிலிருந்து வந்திருந்த மூன்று பொறியியல் மாணவிகள் காலையில் குளத்தில் இறங்கினார்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்தோரு வயது. ஒருத்தி ஆழமான பக்கம் போய்ச் சிக்கிக்கொண்டாள். கை கொடுக்கப் போன இன்னொருத்தியும் சிக்கினாள். அவர்களைப் பிடிக்கப் போன மூன்றாவது பெண்ணும் போனாள். மூன்று பேருமே மூழ்கி இறந்தார்கள். எல்லாம் கேமராவில் பதிவாகியிருந்தது. பக்கத்திலேயே அரபிக்கடல். ஆனால் உயிர் போனது கடலில் இல்லை, ஆறடித் தண்ணீரில். காப்பாளர் கிடையாது, எங்கே எவ்வளவு ஆழம் என்ற குறிப்பும் கிடையாது. அதற்கப்புறம் உரிமையாளரும் மேனேஜரும் கைதானார்கள், உரிமம் நிறுத்தப்பட்டது, ரிசார்ட்டுக்குப் பூட்டு.

பூட்டு எப்போதுமே சாவுக்குப் பிறகுதான் வருகிறது. 2012 ஆகஸ்ட்டில் சென்னை கே.கே.நகரில் ஒரு பள்ளியின் குளத்தில், நீச்சல் வகுப்பின்போதே நாலாம் வகுப்புப் பையன் இறந்தான். அதன் பிறகுதான் குளங்களுக்கு விதிமுறை வேண்டும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் சூடு பிடித்தது. மதுரை கே.கே.நகரில் 2025 ஏப்ரலில் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நாலு வயதுக் குழந்தை இறந்தது. அதன் பிறகு சீல் வைத்தார்கள். சீல் வைக்கும் அரக்கு மட்டும் நம் அதிகாரிகளிடம் தீர்ந்துபோவதே இல்லை!

"நீச்சல் தெரியாதவன் எதுக்கு சார் தண்ணியில இறங்கணும்?" என்று உடனே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்த முதல் போர்டை மறுபடி பாருங்கள். அதில் எங்கேயாவது 'நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டும்' என்று இருக்கிறதா? ஃபேமிலி பேக்கேஜ் என்றுதான் இருக்கிறது. நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும் வந்தால் முக்கால்வாசி ரிசார்ட்டுகள் இழுத்து மூட வேண்டியதுதான். நீந்தத் தெரியாதவர்களிடம் டிக்கெட் விற்றுவிட்டு, ஏன் நீந்தத் தெரியவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

அந்தக் காலத்தில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பிள்ளைகள் நீச்சல் பழகியது கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை மேலே படியில் உட்கார்ந்திருக்கும் மாமா கையிலோ சித்தப்பா கையிலோ இருக்கும். அவர் பீடி குடிப்பார், ஊர்க்கதை பேசுவார், ஆனால் கண் மட்டும் தண்ணீரை விட்டு நகராது. டைல்ஸ் இல்லாத, படி வழுக்குகிற, பாம்பு வேறு எட்டிப் பார்க்கிற கிணற்றில் அந்த ஒரு ஆள் இருந்தார். லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டிய குளத்தில் அவரைத்தான் காணவில்லை.

ஆள் இருக்கிறாரே என்பார்கள். டவல் கொடுப்பவர், லாக்கர் சாவி கொடுப்பவர், டி.ஜே.வுக்கு வயர் மாட்டுபவர், அவரேதான் லைஃப் கார்டும். இது சரிப்படாது. மூழ்குகிற ஆள் சினிமாவில் மாதிரி "காப்பாத்துங்க" என்று கத்துவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? வாய் தண்ணீருக்கு மேலேயும் கீழேயுமாகப் போய்வரும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலவே இருக்கும். இருபது முதல் அறுபது வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு டவல் எடுத்து வர அதைவிட அதிக நேரம் ஆகும். அதற்கு மேல் ஸ்பீக்கர் சத்தம் வேறு.

செலவு கட்டுப்படியாகாது என்பது அடுத்த சமாதானம். காமர்ஸ் படிக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தலைக்கு 500 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை 100 பேர் என்று வைத்துக்கொண்டால் வசூல் 50,000. பயிற்சி பெற்ற ஒருவருக்கு மாதம் 20,000 சம்பளம் என்றால் இரண்டு பேரின் மாதச் சம்பளம் அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிடுகிறது. ஆழம் எழுத ஒரு டப்பா பெயிண்ட். ஆழம் சரியத் தொடங்குகிற இடத்தில் மிதவை கட்டிய ஒரு கயிறு. ஒரு நீளக் கழி, இரண்டு மிதவை வளையம். பிளாஸ்டிக் பனைமரத்தின் விலையில் இதெல்லாம் அடங்கிவிடும்.

சட்டத்துக்கு வருவோம். பிசினஸ் லா வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்... 1972 ஆகஸ்ட்டில் டெல்லி ஓபராய் ஹோட்டல் குளத்தில் கிளாஸ் மிட்டெல்பாக்கர்ட் என்ற ஜெர்மன் விமானி டைவிங் போர்டிலிருந்து குதித்தார். போர்டுக்கு ஏற்ற ஆழம் கீழே இல்லை. தலை தரையில் மோதி உடம்பு செயலிழந்தது. 1985ல் இறந்தார். 1997ல் டெல்லி உயர்நீதிமன்றம் 50 லட்சம் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது (மேல்முறையீடு தனிக் கதை). ஐந்து நட்சத்திரக் கட்டணம் வாங்குகிற இடத்துக்கு அதற்கேற்ற கவனமும் கடமை என்பதுதான் தீர்ப்பின் சாரம். தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை, இறந்து 11 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

டிக்கெட் வாங்கியவர் நுகர்வோர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம்கூடக் கிடையாது. சேவையில் குறை இருந்தால் குறைதான். பெயிண்டர் எழுதிய ஒரு வாக்கியத்தால் அது அழிந்துவிடாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளத்துப் பக்கம் போனதும் மூக்கில் ஏறுகிறதே அந்த நெடி, "ஆஹா, நல்லா குளோரின் போட்டிருக்காங்க" என்று சந்தோஷப்பட வேண்டாம். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்தால் வருகிற வாடை அது. கண் எரிவதும் அதனால்தான். கரையில் நின்று பார்த்தால் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடியில் ஒரு ஆள் கிடந்தாலும் தெரியாது என்று அர்த்தம். மூடி உடைந்திருந்தாலும் இறங்கக் கூடாது. அமெரிக்காவில் 2002ல் ஏழு வயதுச் சிறுமியை ஒரு வடிகால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. அவள் பெயரிலேயே 2007ல் அங்கே சட்டம் வந்தது.

இந்தக் கோடையில் டிபார்ட்மெண்ட் டூருக்குப் பணம் வசூலிக்கப் போகிறவர்கள் பிரியாணி சிக்கனா மட்டனா என்று கேட்பதற்கு முன்னால் ரிசார்ட்டுக்குப் போன் போட்டு வேறு ஒன்றைக் கேளுங்கள். குளத்தைப் பார்ப்பதை மட்டுமே வேலையாகச் செய்கிற ஆள் உண்டா, ஆழமான பக்கம் எத்தனை அடி, இரண்டும் எங்கே எழுதியிருக்கிறது? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி, தைரியமா வாங்க" என்று பதில் வந்தால் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம்.