அபராதத்தை முதலாளி கட்டலாம், புள்ளிகளை?

தேக்காவுக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரி ஓட்டுநருக்கு, அபராதத்தைவிடக் குற்றப்புள்ளிகளே பெரிய சுமை என்பேன். 2026 ஜனவரி 1 முதல், வேகவரம்பை மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் மீறினாலே 6 புள்ளிகள், முன்பு 4. இரண்டு ஆண்டுகளில் 24 புள்ளிகள் சேர்ந்தால், முதல்முறை 12 வாரங்களுக்கு உரிமம் முடக்கப்படும். முன்பு ஆறு முறை மீறினால் வந்த நிலை, இப்போது நான்கே முறையில் வந்துவிடும்.

அபராதத்தை முதலாளி கட்டலாம். புள்ளிகள் ஓட்டுநர் பெயரில்தான் ஏறும். அவசர அட்டவணை போட்டவருக்கு ஏறுவதில்லை. லாரிகளில் பொருத்தப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60 கிலோமீட்டரைத் தாண்டவிடாது. ஆனால், வரம்பு 50 ஆக உள்ள நகரச் சாலைகளில் அது கைகொடுக்காது. கடுமையான தண்டனை தேவைதான். அத்துடன், விநியோக நேரத்தை நிறுவனங்கள் தளர்த்தினால்தான் சாலையும் பாதுகாப்பாகும், ஓட்டுநரின் பிழைப்பும் நிலைக்கும்.